கோடையை என் செய்வோம்?

தேர்வு முடிந்தது. வினாத்தாள்களை மடித்துப் பெட்டியின் அடியில் போட்டாயிற்று. இனி ஏறத்தாழ இரண்டு மாதம் நமக்கு விடுதலை. இந்த இரண்டு மாதத்தை என்ன செய்யப் போகிறோம்? இவ்வினாவை எந்தப் பேராசிரியரும் கேட்பதில்லை. எந்த வினாத்தாளிலும் இது வருவதில்லை. ஆதலின் நம்மில் பலர் இதற்கு விடை காணாமலே பட்டம் பெற்று வெளியேறி விடுகிறோம். கணக்கிட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு இரண்டு மாதம் என்றால் மூன்றாண்டில் ஆறு மாதம். அரையாண்டுக் காலம் ஒருவர் கையில் கொடுக்கப்பட்டு, அது எங்கே போயிற்று என்று அவருக்கே தெரியாமற்போவது சிறிய இழப்பன்று.

தலைநகரில் படிக்கும் தமிழ் மாணவர் கோடையைக் கழிக்கும் வகை பெரும்பாலும் மூன்று. முதல் வகையினர் ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர் ரயிலில் சென்று வீடு சேர்வர், அம்மா கையால் உண்பர், உறங்குவர், மீண்டும் உண்பர். இரண்டாம் வகையினர் எங்கிருந்தாலும் ஒன்றே. அவர்கள் குடியிருப்பது கைப்பேசிக்குள்ளே. மூன்றாம் வகையினர் சுறுசுறுப்பானவர்கள். இன்டர்ன்ஷிப் என்று இன்று எல்லோரும் சொல்லும் பயிற்சிப் பணி ஒன்றைத் தேடிப் பிடித்து, இரண்டு மாதம் ஒரு நிறுவனத்துக்கு ஊதியமின்றி உழைத்து, ஒரு சான்றிதழைப் பெற்றுத் திரும்புவர்.

வீட்டுக்குப் போவது தவறா? அன்று. பெற்றோர் முகம் காண்பது பெறற்கரிய பேறு. கைப்பேசி பார்ப்பது பாவமா? அதுவும் அன்று. சான்றிதழ் வேண்டாவா? வேண்டியதுதான். ஆயினும் இம்மூவருக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. தேர்வு நடந்த மாதங்களில் யார் யார் நமக்காக உழைத்தார்களோ, அவர்களே கோடையிலும் நமக்காக உழைக்கிறார்கள். அல்லது நாம் பிறருக்காகக் கூலியின்றி உழைக்கிறோம். நம் காலும் கையும் நமக்கென்று கற்றுக்கொண்டது யாது?

பொழுது தானே போகும்

பொழுதுபோக்கு என்கிறோம். சொல்லே நம்மை ஏமாற்றி விடுகிறது. பொழுது தானே போகும். அதைப் பிடித்துத் தள்ள நாம் வேண்டியதில்லை. போகும் பொழுது நம்மிடம் எதையேனும் வைத்துவிட்டுப் போகுமாறு செய்வதே நம் வேலை. வேலைக்கு விண்ணப்பம் எழுதுகையில் அந்த இடத்தை நிரப்ப, நூல் படித்தல், இசை கேட்டல், பயணம் செய்தல் என்று எழுதுகிறோம். நேர்முகத் தேர்வில் ஒருவர், "அண்மையில் எங்கே பயணம் சென்றீர்கள்?" என்று கேட்டுவிட்டால், ஊருக்குப் போய்த் திரும்பிய ரயிலைத் தவிர வேறு சொல்லத் தெரியாமல் விழிக்கிறோம்.

நல்ல பொழுதுபோக்கு எது என்று அறிய மூன்று வினாக்கள் போதும். நான் இருக்கும் இடத்தையும் அங்குள்ள மனிதரையும் அது எனக்கு அறிமுகம் செய்கிறதா? என் பொருட்டுப் பிறர் சுமக்கும் சுமையை அது சிறிதேனும் குறைக்கிறதா? உழைப்பவர்பால் எனக்கு மதிப்பை வளர்க்கிறதா? இம்மூன்றில் ஒன்றுக்கேனும் ஆம் என்று சொல்ல முடிந்தால் அது நல்ல பொழுதுபோக்கு. மூன்றுக்கும் இல்லை என்றால் அது பொழுதைக் கொல்வதே. காலுக்கு நடை, கைக்குச் சமையல், இரண்டுக்கும் சேர்த்து ஊதியத்துக்கு உழைத்தல் என்னும் மூன்றையே இந்தக் கோடைக்கு நான் பரிந்துரைக்கிறேன்.

கால் நடக்கட்டும்

டில்லியில் மூன்றாண்டு படித்தும் விடுதி, வகுப்பறை, மெட்ரோ நிலையம், ஒரு தோசைக் கடை என்ற நான்கு புள்ளிகளுக்கு அப்பால் அறியாதவர் நம்மிடையே உளர். "வெயில் கொளுத்துகிறதே!" என்பார்கள். உண்மை. மே மாதத்தில் 45 பாகையைத் தொடும் நாட்கள் உண்டு. லூ என்னும் அனற்காற்று பகலில் வெளியே தலைகாட்ட விடாது. அந்த நேரத்தில் வீரம் காட்ட வேண்டா. ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்கு வெயில் எங்கே இருக்கிறது? ஐந்து முதல் எட்டு வரை மூன்று மணி நேரம், ஒரு குப்பித் தண்ணீர், தலைக்கு ஒரு துண்டு, இவ்வளவே முதலீடு.

எங்கே போவது? ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடி இந்நகருக்குள்ளேயே வந்து முடிகிறது. ரிட்ஜ் என்று எல்லோரும் சொல்லும் மேட்டுக்காடு அதுதான். அங்கே போய்ப் பாருங்கள். பெரும்பகுதியில் அடர்ந்து நிற்பது விலாயத்தி கீகர் என்று டில்லிக்காரர் சொல்லும் முள்மரம். அதைக் கண்டதும் ராமநாதபுரத்து மாணவர் சிரிப்பார். அது அவர் ஊர்ச் சீமைக் கருவேலமே! விலாயத்தி என்றாலும் சீமை என்றாலும் பொருள் ஒன்று: வெளிநாட்டிலிருந்து வந்தது. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த மரம் ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, டில்லி மேட்டையும் தென்பாண்டிக் கண்மாய்களையும் ஒருசேரப் பிடித்துக்கொண்டது. ஒரு மரம் இரு மொழியிலும் ஒரே வசைப்பெயரைச் சுமக்கிறது! இதை எந்தப் பாடநூல் நமக்குச் சொல்லிற்று?

மே மாதத்தில் அம்ரிதா ஷெர்கில் மார்க் பக்கம் சென்றால் தெரு முழுதும் பொன் சொரிந்தாற்போல் மஞ்சள் பூக்கள் தொங்கும். அமல்தாஸ் என்பார்கள். வேறொன்றுமில்லை, நம் கொன்றை. சங்கப் பாடல்களில் கொன்றை முல்லை நிலத்தின் பூ. கார்காலம் வந்ததை அறிவிக்கும் பூ. குறுந்தொகையின் 66ஆம் பாடலில், பருவமல்லாத மழையைக் கார் என்று மயங்கிப் பூத்துவிட்டதே இந்த அறிவற்ற கொன்றை என்று தோழி தலைவியைத் தேற்றுகிறாள். இங்கோ மழைக்கு ஒரு மாதம் முன்பே, வெயிலின் உச்சியில் அது பூத்துக் குலுங்குகிறது. ஏன் இந்த வேறுபாடு? மரம் வேறா, மண் வேறா, புலவர் கண்ட பருவம் வேறா? தாவரவியல் படிப்பவரும் தமிழ் படிப்பவரும் ஒரே மரத்தடியில் நின்று வழக்காடலாம். வகுப்பறையில் என்றேனும் அவர்கள் சந்திப்பதுண்டோ?

ஜூன் இறுதியில் புதுடில்லிச் சாலையோரங்களில் நாவற்பழம் உதிரும். ஆங்கிலேயர் தலைநகரை அமைத்தபோது நிழலுக்கென்று நட்ட மரங்கள். ஒருவர் கிளையேறி உலுக்க, நால்வர் கீழே துணி விரித்துப் பிடிப்பர். அந்நாட்களிலேயே கறுப்பும் வெள்ளையுமாய், தலையில் கொண்டையோடு ஒரு குயில் வந்து கத்தும். தமிழில் சுடலைக்குயில் என்பர். வடமொழிக் கவிகள் சாதகம் என்று பாடிய பறவை இதுவே என்பர். பருவக்காற்றோடு ஆப்பிரிக்காவிலிருந்து கடல் தாண்டி வட இந்தியாவுக்கு வருவது. அதன் குரல் கேட்டால் மழை தொலைவில் இல்லை என்று அறியலாம். வானிலை அறிக்கை கைப்பேசியில் வருகிறதே என்பீர்கள். வருகிறது. ஆனால் அறிக்கையைப் படித்தவன் மழையை எதிர்பார்ப்பான்; குயிலைக் கேட்டவன் மழையோடு உறவு கொள்வான்.

இப்படிப் பார்ப்பதற்குப் பெருஞ்செலவு இல்லை. 2006-இல் வெளிவந்த பிரதீப் கிரிஷனின் டில்லி மரங்கள் பற்றிய நூலையோ, 1941 முதல் பல பதிப்புகள் கண்ட சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் நூலையோ நூலகத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு வழிகாட்டியாக ஒரு தமிழரே உளர். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996), கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் இதழில் 1950 தொடங்கித் தம் இறுதிவரை 46 ஆண்டுகள் இயற்கையைப் பற்றிப் பத்தி எழுதினார். புலியையும் யானையையும் எழுதியவர், வீட்டு முற்றத்துக் காகத்தையும் அணிலையும் அதே கருத்தோடு எழுதினார். தமிழிலும் எழுதினார், அவருடைய தமிழ்க் கட்டுரைகள் மழைக்காலமும் குயிலோசையும் என்ற பெயரில் நூலாக உள்ளன. நாமோ ஒரு கொன்றையைக் கண்டால் அதன் முன் நின்று நம்மையே படமெடுத்துக் கொள்கிறோம். மரம் பின்னணியாகி விடுகிறது.

சற்றுப் பெரிய பயணம் வேண்டுமா? கால்காவிலிருந்து சிம்லாவுக்கு 1903-இல் திறந்த சிறு ரயில்பாதை இருக்கிறது, 96 கிலோமீட்டர். யுனெஸ்கோ 2005-இல் நம் நீலகிரி ரயிலையும் 2008-இல் இதையும் உலக மரபுச் சின்னமாக ஏற்றது. உதகை வண்டியில் ஏறியவர் இதிலும் ஏறி ஒப்பிட்டுப் பார்க்கலாம். மலையேற விரும்புவோர்க்கு 1949-இல் தோன்றிய இந்திய இளைஞர் விடுதிகள் சங்கம் போன்ற அமைப்புகள் குறைந்த செலவில் வழிநடத்திச் செல்கின்றன.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை பொய்யாகிவிடும். விடியலில் புறப்படுங்கள் என்று மாணவருக்குச் சொல்வது எளிது, மாணவியருக்கு? விடுதிக் கதவு எப்போது திறக்கும், எப்போது மூடும் என்பதே அவர்களுடைய ஊர் அறிவின் எல்லையாக இருந்தது. பல விடுதிகளில் இன்றும் இருக்கிறது. 2015-இல் இந்நகரின் மாணவியரே பிஞ்ரா தோட் என்று, கூண்டை உடைப்போம் என்னும் பொருளில் இயக்கம் நடத்தியது இதன் பொருட்டே. பாதுகாப்பு வேண்டும், ஆனால் பாதுகாப்பு என்ற சொல்லால் ஒருத்தியின் பொழுதையெல்லாம் நான்கு சுவருக்குள் அடைத்துவிட்டு, "பெண்களுக்கு வெளியுலகம் தெரியாது" என்று நகைப்பது அறமாகாது. மாணவியர் சேர்ந்து வர முடியாத நடைப்பயணத்தை நம் சங்கம் ஏற்பாடு செய்யலாகாது என்பதே என் துணிபு.

கை சமைக்கட்டும்

அடுத்தது அடுப்படி. இப்பேச்சை எடுத்தவுடன் மாணவ நண்பர் சிலர் பக்கத்தைப் புரட்டப் பார்ப்பீர்கள். பொறுங்கள், உங்களுக்காகவே எழுதுகிறேன்.

மைய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தது. 6 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் ஊதியமில்லாத வீட்டுவேலை செய்த பெண்கள் 81.2 விழுக்காடு, ஆண்கள் 26.1 விழுக்காடு. அப்படிச் செய்தவர்களுள்ளும் பெண் ஒரு நாளில் சராசரி 299 நிமிடம் உழைத்தாள். ஆண் 97 நிமிடம். 299 நிமிடம் என்பது ஏறக்குறைய ஐந்து மணி நேரம். நம் வகுப்புகளை எல்லாம் கூட்டினாலும் ஒரு நாளில் அவ்வளவு வருமா என்பது ஐயமே. "அம்மா சமையலைப் போல் உண்டா!" என்று விடுதியில் உருகுகிறோமே, அந்த உருக்கத்துக்கு அடியில் இந்த ஐந்து மணி நேரம் இருக்கிறது. அம்மாவின் குழம்பைப் புகழ்வது அன்பு; அம்மாவை ஒரு வேளை உட்கார வைத்துக் குழம்பு வைப்பது நன்றி. அன்பு நம்மிடம் நிறைய உண்டு. நன்றிதான் பற்றாக்குறை.

ஆகவே ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கோடையில் ஐந்து செய்து பழகி வாருங்கள்: குழையாமல் சோறு வடிக்க, ஒரு குழம்பு வைக்க, ஒரு ரசம் வைக்க, ஒரு பொரியல் செய்ய, மாவு அரைத்துப் புளிக்க வைக்க. ஆறாவதாக ஒன்று உண்டு, அதுவே முதன்மையானது. சமைத்து முடித்தபின் அடுப்பு மேடையைத் துடைத்துப் பாத்திரம் தேய்த்துக் கவிழ்க்க வேண்டும். சமையல் ஒரு கலை என்று பேசும் ஆண்கள் இன்று பெருகிவிட்டார்கள். நன்று. ஆனால் கலைஞர் எழுந்து போனபின் எண்ணெய்ச் சட்டியை யார் தேய்க்கிறார்கள் என்று பாருங்கள். தேய்க்காதவனுக்குச் சமையல் விளையாட்டு. தேய்ப்பவனுக்கே அது வேலை.

"எனக்கு ஒன்றும் தெரியாதே!" என்பார் சிலர். தெரியாதவர்களுக்காகவே 1951-இல் எஸ். மீனாட்சி அம்மாள் சமைத்துப் பார் என்ற நூலை வெளியிட்டார். ஒரு பெண்மணி தம் அடுப்படி அறிவை அளவும் பக்குவமும் குறித்து அச்சிலேற்றியது தமிழில் ஒரு முன்னோடிச் செயல். பொறியியல் படிக்கும் ஒருவருக்கு இரண்டு கரண்டி, ஒரு கொதி என்னும் கணக்கு விளங்காமற்போக வழியில்லை.

சமையலில் அறிவியல் இல்லை என்று எண்ண வேண்டா. இட்லி மாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பொங்கச் செய்வன நுண்ணுயிர்கள். அவற்றுக்கு வெப்பம் வேண்டும். டில்லி மே மாதத்தில் காலையில் அரைத்த மாவு மாலைக்குள் புளித்துப் பாத்திரத்தை விட்டு வழியும். ஜனவரியில் அதே மாவு இரவெல்லாம் கம்பளி போர்த்திக் கிடந்தாலும் அசையாது. பாஸ்மதியில் இட்லி வராது. புழுங்கலரிசி தேடி ஐ.என்.ஏ. சந்தைக்கோ கரோல்பாக்குக்கோ போக வேண்டும். கடுந்தண்ணீரில் துவரம்பருப்பு வேக நேரமாகும். ஒரு சாம்பாரை ஒழுங்காக வைத்தவன் இந்நகரின் தட்பவெப்பம், தண்ணீர், சந்தை மூன்றையும் கற்றவனாகிறான்.

இன்னொரு பயனும் உண்டு. அடுப்படி அண்டை வீட்டாரை அறிமுகம் செய்கிறது. பீகார் நண்பர் கோடையில் கடலை வறுத்து அரைத்த சத்துமாவைத் தண்ணீரில் கரைத்து, வெங்காயமும் எலுமிச்சையும் உப்பும் சேர்த்துக் குடிப்பார். நம் ஊர்க் கூழுக்கு அது தம்பி முறை. டில்லித் தெருவில் விற்கும் பேல் சர்பத் நாம் கோயிலில் மட்டுமே நினைக்கும் வில்வத்தின் பழம். நீர்மோர் கொடுத்துச் சத்து வாங்குங்கள். ஒருவர் உணவைக் கேலி செய்வதற்கும் சமைக்கக் கற்றுக்கொள்வதற்கும் இடையே உள்ள தூரமே ஒருமைப்பாடு என்று மேடையில் பேசப்படும் தூரம்.

உழைப்பும் ஊதியமும்

இனி மூன்றாவது, சற்றுக் கசப்பானது.

கோடைப் பணி என்றதும் இன்று பெரும்பாலோர் நினைப்பது சான்றிதழை. ஊதியம் கேட்டால், "அனுபவம் கிடைக்கிறதே, அதுவே ஊதியம்" என்கிறார்கள். அனுபவத்தைக் கொண்டு அறை வாடகை கொடுக்க முடியுமா? மெஸ் கணக்கைத் தீர்க்க முடியுமா? டில்லியில் இரண்டு மாதம் கூலியின்றி வேலை செய்ய வேண்டுமாயின், அந்த இரண்டு மாதச் செலவையும் வீட்டிலிருந்து அனுப்ப ஒருவர் வேண்டும். அனுப்பக் கூடியவர் வீட்டுப் பிள்ளைக்குச் சான்றிதழ். அனுப்ப இயலாதவர் வீட்டுப் பிள்ளைக்கு வெறுங்கை. அடுத்த ஆண்டு வேலைக்கு ஆளெடுக்கும்போது, "முன் அனுபவம் உண்டா?" என்று கேட்பார்கள். முன்னவருக்கு உண்டு. பின்னவருக்கு இல்லை. தகுதி என்று நாம் பெயரிட்டு அழைப்பது சில வேளைகளில் தந்தையின் வங்கிக் கணக்கையே.

தொழிற்பயிற்சியாளருக்கு உதவித்தொகை தர வேண்டும் என்று 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டமே சொல்கிறது. பட்டறையில் இரும்பு பிடிக்கப் பழகும் இளைஞனுக்கு உள்ள அந்த உரிமை, குளிர்சாதன அறையில் அறிக்கை எழுதப் பழகும் மாணவருக்கு ஏன் இல்லாமற்போக வேண்டும்? ஆகவே ஒரு பணியில் சேருமுன் நான்கு வினாக்களைத் தயங்காமல் கேளுங்கள். வேலை என்ன? கற்றுத் தருபவர் யார்? நாளுக்கு எத்தனை மணி? ஊதியம் எவ்வளவு? நான்காவதைக் கேட்பது நாகரிகக் குறைவு என்று நமக்கு யாரோ கற்பித்திருக்கிறார்கள். கற்பித்தவர் மாதச் சம்பளம் வாங்குகிறவராகத்தான் இருப்பார்.

நம்மிடையே வேறொரு வகை மாணவரும் உண்டு. விடுமுறை விட்டவுடன் திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங்கிலோ பேக்கிங்கிலோ சேர்ந்து அடுத்த பருவத்துக்கான கட்டணத்தைச் சேர்ப்பவர். தந்தையின் மளிகைக் கடையில் காலை முதல் இரவு வரை நிற்பவர். தாயோடு களைவெட்டப் போகிறவர். இவர்கள் தம் கோடையைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை. விண்ணப்பத்தில் எழுதுவதுமில்லை. இரண்டு வாரம் ஓர் அலுவலகத்தில் நாற்காலி தேய்த்ததை முழு வரியில் எழுதுகிறவர் இருக்க, இரண்டு மாதம் நாளுக்குப் பத்து மணி நேரம் நின்று உழைத்ததை எழுத வெட்கப்படுகிறவர் இருக்கிறார். யார் வெட்கப்பட வேண்டியவர்? நேரம் தவறாமை, கணக்குச் சுத்தம், சினங்கொண்ட வாடிக்கையாளரைச் சமாளித்தல், மேலாளருக்குக் கீழ் வேலை செய்தல் ஆகிய எல்லாம் பனியன் கம்பெனியிலும் மளிகைக் கடையிலும் கற்றவையே. அவற்றை எழுதுங்கள். தலை நிமிர்ந்து எழுதுங்கள்.

ஜி. டி. நாயுடு (1893–1974) இளமையில் கோயமுத்தூர் உணவு விடுதி ஒன்றில் பரிமாறுபவராக வேலை செய்து பணம் சேர்த்தார். அப்பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். அதைப் பிரித்துப் பூட்டியே இயந்திரக் கலையைக் கற்றார். அப்துல் கலாம் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சிறுவராக, ஓடும் ரயிலிலிருந்து எறியப்பட்ட செய்தித்தாள் கட்டுகளைப் பொறுக்கிக் கொடுத்து முதல் ஊதியம் பெற்றதைத் தம் தன்வரலாற்றில் பெருமையோடு சொல்கிறார். அவர் பின்னர் நாட்டின் குடியரசுத் தலைவரானார். எல்லோரும் குடியரசுத் தலைவர் ஆவதில்லை. ஆக வேண்டியதும் இல்லை. ஆனால் முதல் ஊதியத்தின் பெருமிதம் எல்லோர்க்கும் உரியது. தான் ஈட்டிய நூறு ரூபாயைச் செலவிடும்போதுதான் தந்தை அனுப்பிய ஆயிரம் ரூபாயின் எடை தெரியும்.

அப்படியானால் கூலியின்றி எதுவுமே செய்யலாகாதா? செய்யலாம், செய்ய வேண்டும். ஆனால் யாருக்கு என்பதைப் பாருங்கள். கொடுக்க இயலாதவருக்குக் கூலியின்றி உழைப்பது கொடை. கொடுக்க இயன்றும் கொடாதவருக்குக் கூலியின்றி உழைப்பது ஏமாளித்தனம். நாம் இரண்டாவதைச் செய்துவிட்டு முதலாவதன் பெருமையைத் தேடுகிறோம்.

முதலாவதைச் செய்ய இந்நகரில் இடமா இல்லை? தமிழகத்திலிருந்து வந்து தென்டில்லி வீடுகளில் பாத்திரம் தேய்த்தும் சமைத்தும் வாழ்ந்த குடும்பங்கள் ஜங்புராவின் மதராசி கேம்ப்பில் பல பத்தாண்டுகள் இருந்தன. நீதிமன்ற ஆணையின்படி 2025 ஜூன் 1 அன்று அக்குடியிருப்பு இடிக்கப்பட்டது. மாற்று வீடு பெறத் தகுதியானோர் எனக் கணக்கிடப்பட்டவர்களுக்கு நகரின் மறுகோடியில், நரேலாவில் இடம் குறிக்கப்பட்டது. தாய்மாரின் வேலை ஓரிடம், பிள்ளைகளின் பள்ளி ஓரிடம், வீடு ஓரிடம் என்றாயிற்று. நாம் இங்கே பொங்கல் விழாவில் தமிழர் ஒற்றுமை பேசிக்கொண்டிருந்தோம். தமிழ் பேசும் அந்தப் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு மாலை கணக்கும் ஆங்கிலமும் சொல்லித் தந்தால் அதற்கு எவரும் சான்றிதழ் தரமாட்டார். தர வேண்டியதும் இல்லை.

சங்கம் செய்யத்தக்கன

அறிவுரை எளிது; ஏற்பாடு அரிது. ஆதலின் நம் சங்கத்தின் முன் நான்கு கோரிக்கைகளை வைக்கிறேன்.

ஒன்று: கோடை முடியும் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிறு விடியலில் ஒரு நடைப்பயணம். எங்கே, எப்போது புறப்பாடு, எப்போது திரும்புதல் என்பதை எழுதி முன்னரே ஒட்ட வேண்டும்; மாணவியர் விடுதிகளில் முன்கூட்டியே இசைவு பெற வேண்டும்.

இரண்டு: வரும் பொங்கலுக்கு வெளியிலிருந்து சாப்பாடு வரவழைக்க வேண்டா. நாமே சமைப்போம். காய் நறுக்குவோர், அடுப்பு பார்ப்போர், பாத்திரம் தேய்ப்போர் யார் யார் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுப்போம். தேய்க்கும் சீட்டு சங்கத் தலைவருக்கே விழுந்தால் விழா இன்னும் சிறக்கும்.

மூன்று: ஊதியம் தரும் பணிகளுக்கு ஒரு பதிவேடு. தனிப்பயிற்சி, மொழிபெயர்ப்பு, நூலகப் பணி, ஆய்வுக்குக் களத்தகவல் திரட்டல் என எதுவாயினும் ஊதியம் இவ்வளவு என்று குறித்தால் மட்டுமே நம் பலகையில் ஒட்டுவோம் என்று விதி செய்வோம். நம் பலகை சிறியது. ஆனால் விதி சிறியதன்று.

நான்கு: தமிழ்க் குழந்தைகளுக்கு வாரம் இரண்டு மாலை வகுப்பு. கோடையோடு நின்றுவிடாமல் ஆண்டு முழுதும் நடக்க, முறைவைத்துப் பத்துப் பேர் போதும்.

இவற்றுக்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. விழாவுக்கு வாடகைக்கு எடுக்கும் ஒலிபெருக்கியின் செலவில் பாதி போதும். தடையாக இருப்பது பணமன்று; நம் தயக்கமே. அடுப்படி பெண்ணுக்கு, கைவேலை ஏழைக்கு, காடும் மலையும் வேலையற்றவனுக்கு என்று நம் மனத்தில் எழுதி வைத்திருக்கும் மூன்று வரிகளை அழிக்க வேண்டும். அவற்றை அழித்தால் படிப்பு குறையாது. படித்தவன் என்ற செருக்குச் சிறிது குறையும். அது நல்லதே.

நண்பர்களே, ஜூலையில் நாம் மீண்டும் கூடும்போது மதிப்பெண் என்ன என்று ஒருவரையொருவர் கேட்க வேண்டா. அதைப் பல்கலைக்கழகமே அறிவித்துவிடும். இவ்வாறு கேட்போம்: எத்தனை மரத்துக்குப் பெயர் தெரியும்? எத்தனை பாத்திரம் தேய்த்தாய்? உழைத்து ஈட்டியது எவ்வளவு? மூன்றுக்கும் விடை சொல்பவரே கோடைத் தேர்வில் தேறியவர். அந்தத் தேர்வுக்கு மறுகூட்டல் இல்லை. மே மாதமோ போய்க்கொண்டிருக்கிறது.